மாத்திரை ஐந்து நாள், மீதி இருபத்தைந்து நாள்

குழந்தைக்காக, முட்டையை வளர வைக்கும் குளோமிஃபீன் மாத்திரையை ஏழு மாதத்தில் ஐந்து முறை சாப்பிட்டேன். அந்த ஐந்து முறையும் முட்டை வளர்ந்ததா, வெடித்ததா (பையை விட்டு வெளியே வந்ததா) என்று இன்றுவரை தெரியாது. யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. டாக்டர் ஃபீஸ், மாத்திரை, சத்து பவுடர், பஸ் எல்லாம் சேர்த்து சுமார் 19,000 ரூபாய். அது போகட்டும். எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் என் தேதிக்கு மாமியார் பென்சிலால் சின்னதாக வட்டம் போட்டு வைப்பார். அந்த வட்டத்தைத் தாண்டி நாலு நாள் போனால் வீடே குசுகுசுவென்று பேசும், ஐந்தாம் நாள் தீட்டு வரும். எனக்கு அப்போது 31 வயது. அந்த ஏழு மாதம்தான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. ஒரு முறைக்கு இந்த மாத்திரைகளைச் சாப்பிடுவது ஐந்தே நாள். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற நாட்களை எப்படி நடத்துவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு 45 நாள், சில சமயம் 60 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய். ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்றார்கள். கட்டி என்றதும் வெட்டி எடுக்க வேண்டியது என்று நினைத்துப் பயந்தேன். அது கட்டியே இல்லை. சினைப்பையில் மாதாமாதம் வளரத் தொடங்கும் குட்டிப் பைகள் பாதி வழியில் நின்றுபோய், முத்து கோத்த மாதிரி ஓரமாக அடுக்கி இருப்பதைத்தான் ஸ்கேனில் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். இதோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் சேர்ந்ததைத்தான் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். முட்டை இல்லாமல் போகவில்லை, முழுசாக வளர்ந்து வெளியே வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் மாத்திரை கொடுத்து வளர வைக்கப் பார்க்கிறார்கள்.

முதலில் பார்த்த இடத்தில் பத்து நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரத்தப் பரிசோதனை இல்லை, கணவருக்கு ஒரு டெஸ்ட்டும் இல்லை. இரண்டாவதாகப் போன டாக்டர் என் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சாம்மா?" என்பதுதான். மாத்திரையைத் தொடும் முன்பே முடித்திருக்க வேண்டியவை இவை: தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச்., பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின், சர்க்கரை, கணவரின் விந்துப் பரிசோதனை. கருக்குழாய் அடைப்புக்கான எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரேயை எப்போது எடுப்பது என்று டாக்டர் உங்கள் வயதையும் பழைய கதையையும் பார்த்துச் சொல்வார். காசநோயோ, அடிவயிற்று அறுவை சிகிச்சையோ, தொற்றோ முன்பு இருந்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது. தீட்டு நின்ற பிறகு, முட்டை வெடிக்கும் முன், ஏறக்குறைய 6 முதல் 11ஆம் நாளுக்குள் அதை எடுப்பார்கள். குழாய் இரண்டும் அடைத்திருந்தால் எத்தனை முட்டை வந்தும் பயன் இல்லை.

எனக்கு டி.எஸ்.எச். 6.8 இருந்தது, அது கூடுதல். முட்டை வராததில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஐந்து முறை மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் அது தெரிய வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. எழுந்தவுடன் காபி குடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய தண்டனை, ஆனால் காபியோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ப்ரோலாக்டினுக்கு இரத்தம் கொடுக்கிறவர்கள் பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடிவந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். பதற்றத்திலும் அலைச்சலிலும் அது ஏறிக் காட்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள்.

விந்துப் பரிசோதனை என்றாலே பல வீடுகளில் முகம் மாறும். எங்கள் வீட்டிலும் மாறியது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் ரிசல்ட் தப்பும். சோப்பு, எண்ணெய், ஜெல், சாதாரண ஆணுறை எதுவும் ஆகாது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து லேபில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் சிந்திவிட்டால் வெட்கப்படாமல் லேபில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முதலில் வருகிற பகுதியில்தான் உயிரணு அதிகம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுகோலில் கீழ் எல்லை ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம். என் கணவருக்கு 90 லட்சம்தான் வந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. டாக்டர் அமைதியாக, "போன ரெண்டு மூணு மாசத்துல காய்ச்சல் வந்துச்சா தம்பி?" என்று கேட்டார். வந்திருந்தது, டெங்கு. உயிரணு உருவாகி வெளிவர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், அன்றைய காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரிகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது 3 கோடியே 80 லட்சம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரையும் முத்திரை குத்திவிடாதீர்கள்.

இனி மாத்திரை. குளோமிஃபீன் 1967இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. உடம்பில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருக்கிறது என்று மூளையை ஏமாற்றும். மூளை பதறிப்போய், முட்டைப் பையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச்.சைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். அது சினைப்பையைத் தட்டி எழுப்பும். தீட்டின் 2ஆம் நாள் முதல் 5ஆம் நாளுக்குள் ஏதாவது ஒரு நாளில் தொடங்கி, தினமும் 50 மில்லிகிராம், ஐந்து நாள். தினமும் ஒரே நேரத்தில். முட்டை வராவிட்டால் அடுத்த முறை 100. முட்டை வந்துவிட்டால் அளவைக் கூட்டக் கூடாது, கூட்டுவதால் கர்ப்பம் தங்கும் வாய்ப்பு அதிகமாகாது. எனக்கு 50, 50, பிறகு மூன்று முறை 100 என்று ஏற்றினார்கள். முட்டை வந்ததா என்று பார்க்காமலே ஏற்றினார்கள். இதுதான் என் ஆதங்கம்.

முதல் நாள் எது என்பதிலேயே நான் தப்பு செய்தேன். லேசான பழுப்புக் கறை பட்டதையே முதல் நாளாகக் கணக்கிட்டேன். சிவப்பாக, நாப்கின் வைத்தே ஆக வேண்டிய அளவுக்குப் போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். மாலை, இரவு என்று தொடங்கினால் அன்றைக்கா மறுநாளா என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டு ஒரே கணக்கில் வையுங்கள். தீட்டே வராமல் 50, 60 நாள் ஓடும்போது வரவழைக்க மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன் மாதிரி மாத்திரை 5 முதல் 10 நாள் தருவார்கள். அதைப் போடும் முன்பு கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். தள்ளிப்போனது வழக்கமான தாமதம்தான் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

குளோமிஃபீன் சாப்பிட்ட நாட்களில் உடம்பு திடீரென்று கொதிக்கும், மார்கழியிலும் ஃபேன் கேட்கும். காரணமே இல்லாமல் கோபம் வரும். பருப்பு கருகியதற்கு நான் அழுத அழுகையைப் பார்த்து மாமியார் பயந்தே போனார். இவை போய்விடும். ஆனால் கண் மங்கினாலோ, கண் முன்னால் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, பார்த்த பொருளின் நிழல் பார்வையில் தங்கினாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. இன்னொன்று, மெடிக்கலில் வாங்கியதும் அட்டையின் பின்னால் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். குளோமிப்ரமைன் என்று மனச்சோர்வுக்கான மருந்து ஒன்று இருக்கிறது. கிறுக்கல் கையெழுத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நாத்தனாருக்கு மிச்சமான அட்டை இருக்கிறதே என்று எடுத்துப் போடுவதும் வேண்டாம்.

முட்டை வருகிறதா என்று நானாகப் பார்க்க ஓவுலேஷன் ஸ்ட்ரிப் வாங்கினேன். தினமும் இரண்டு கோடு. சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஸ்ட்ரிப் பார்ப்பது முட்டையை வெடிக்கத் தூண்டும் எல்.எச். ஹார்மோனை. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு அது எப்போதுமே உயர்ந்து இருக்கும், அதனால் ஸ்ட்ரிப் பொய் சொல்லும். குளோமிஃபீன் முடித்த முதல் இரண்டு மூன்று நாளில் பார்த்தாலும் பொய்க் கோடு வரும். இதை யாராவது சொல்லியிருந்தால் 1,400 ரூபாய் மிச்சம். முட்டை வெடித்த பிறகு கூடும் ஹார்மோனைப் பார்க்கும் 21ஆம் நாள் ப்ரொஜெஸ்டிரோன் டெஸ்ட்டிலும் இதே மாதிரி ஒரு குழி உண்டு. 21 என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. அடுத்த தீட்டுக்கு ஏழு நாள் முன்பு எடுப்பதுதான் கணக்கு. 35 நாள் சுழற்சி என்றால் 28ஆம் நாள். ஒரு மில்லிக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது. அதற்கு முன்பே ப்ரொஜெஸ்டிரோன் மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால், அந்த எண்ணில் மருந்தும் கலந்திருக்கும், நம்ப முடியாது.

நம்பகமானது ஃபாலிக்குலர் ஸ்டடி எனும் தொடர் ஸ்கேன். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள் ஸ்கேன் என்பதால் தண்ணீர் குடித்து வயிற்றை முட்ட வைக்க வேண்டாம், சிறுநீர் கழித்துவிட்டுப் போனால் போதும். கையில் ஒரு சின்னச் சீட்டு தருவார்கள். அதில் ஆர்.ஓ. என்றால் வலது சினைப்பை, எல்.ஓ. இடது, ஈ.டி. கருப்பை உள்சுவரின் தடிமன். எம்.எஸ்.எஃப். என்று எழுதியிருந்தால் எல்லாம் சின்னச் சின்னதாகவே இருக்கிறது, இன்னும் ஒன்றும் முந்தவில்லை என்று பொருள். என் சீட்டில் 10ஆம் நாள் எம்.எஸ்.எஃப்., 12ஆம் நாள் வலது பக்கம் ஒரு முட்டைப் பை 15 மில்லிமீட்டர், 14ஆம் நாள் 19, 15ஆம் நாள் 21. வளரத் தொடங்கிவிட்டால் நாளுக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர். 18க்கு மேல் போனால் முதிர்ந்தது. அப்போது சிலருக்கு முட்டையை வெடிக்க வைக்கும் எச்.சி.ஜி. ஊசி, 5,000 அல்லது 10,000 யூனிட். அதிலிருந்து 36 முதல் 40 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். வெடித்த பிறகு பை சுருங்கி, கருப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தெரியும். சீட்டில் "ரப்சர்டு" என்று எழுதுவார்கள்.

"வெடிச்சிருச்சான்னு பாத்துட்டு அப்புறம் சேரலாம்" என்று நாங்கள் காத்திருந்தது பெரிய முட்டாள்தனம். முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். உயிரணு உள்ளே ஐந்து நாள் வரை காத்திருக்கும். அதனால் வெடிப்பதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். பை 16, 17 ஆனதிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள், ஊசி போட்டால் அன்றும் மறுநாளும். நாள் குறித்துச் சேர்வது எத்தனை கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆசை போய் அட்டவணை வந்துவிடும். முடியாமல் போன ஓர் இரவுக்காக இரண்டு பேரும் ஒருவரையொருவர் குத்திப் பேசினோம். ஒருநாள் தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது. காலைத் தூக்கி வைத்துப் படுத்துக் கிடக்கவும் வேண்டாம்.

ஊசி போட்ட மாதத்தில் வீட்டுக் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். அந்த ஊசியில் இருப்பதும் கிட் தேடுவதும் ஒரே எச்.சி.ஜி.தான். பத்துப் பதினான்கு நாள் வரை மருந்தே கோடு காட்டும். நான் ஊசி போட்ட எட்டாம் நாள் பார்த்தேன். இரண்டு கோடு. கணவரை ஆபீஸிலிருந்து வரவழைத்துவிட்டேன். நான்கு நாளில் கோடு மங்கி மறைந்தது. இதற்கு ஈடான வலி இந்தப் பயணத்தில் வேறு இல்லை. ஊசி போட்டுக் குறைந்தது 14 நாள் கழியட்டும்.

புது டாக்டரிடம் ஸ்கேனோடு குளோமிஃபீன் எடுத்த அந்த முதல் சுழற்சியில் முட்டைப் பை 21 மில்லிமீட்டர் வந்தும் ஈ.டி. 5.2தான். 7 மில்லிமீட்டருக்கு மேல், மூன்று கோடு தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது. குளோமிஃபீன் சினைப்பைக்கு நல்லது செய்துகொண்டே சிலருக்குக் கருப்பை உள்சுவரை மெலிய வைத்துவிடும், ஏனென்றால் அங்கேயும் ஈஸ்ட்ரஜனைத் தடுக்கிறது. உடம்பில் வாரக்கணக்கில் தங்கவும் செய்யும். அதனால் லெட்ரோசோல் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள்.

லெட்ரோசோல் டப்பாவுக்குள் இருக்கும் சீட்டில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று இருக்கும். மெடிக்கல் கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கணவர் கூகுளில் தேடி, இந்தியாவில் தடை செய்த மருந்து என்று குதித்தார். பாதி உண்மை. 2005இல் மாண்ட்ரியலில் ஒரு மாநாட்டில், இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குக் குறைபாடு கூடுகிறது என்று ஓர் ஆய்வுச் சுருக்கம் வாசிக்கப்பட்டது. மறுவருடமே 911 குழந்தைகளை வைத்து வந்த கனடா ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மைக்கு இதைக் கொடுப்பதைத் தடை செய்தது. 2017இல் தடையை விலக்கிக்கொண்டது. இடையில் 2014இல் அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1. இப்போது பி.சி.ஓ.எஸ்.ஸில் முட்டையை வர வைக்க முதல் மருந்தாகச் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வது லெட்ரோசோலைத்தான். கர்ப்பத்தில் இது ஆகாது என்பதால் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சுமார் இரண்டு நாளுக்கு ஒருமுறை உடம்பில் பாதியாகக் குறைவதால், கரு பதியும் நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். அளவு 2.5 மில்லிகிராமில் தொடங்கி 5, 7.5 வரை, இதுவும் ஐந்து நாள். எனக்கு 2.5இல் ஒன்றும் அசையவில்லை, 5இல் ஒரு முட்டைப் பை, 20 மில்லிமீட்டர், ஈ.டி. 8.6. சோர்வும் தலைவலியும் இருந்தன, அந்தக் கொதிப்பு இல்லை.

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினும் கொடுத்தார்கள். தனியாக அது முட்டை மாத்திரை அல்ல. 2007இல் வந்த 626 பெண்களின் ஆய்வில் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் 7.2 சதவீதம் பேருக்கும், குளோமிஃபீனில் 22.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு அது துணை, அவ்வளவே. முதல் நாளே 1,500 மில்லிகிராம் போட்டால் வயிறு கலக்கிக் கழிப்பறையே கதி. 500இல் தொடங்கி, சாப்பாட்டின் நடுவில் அல்லது முடிந்தவுடன் போட்டு, வாரம் ஒன்றாகக் கூட்டினால் தாங்கும். நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடை கூடியவர்களுக்கு ஐந்து சதவீதம் குறைந்தாலே, 80 கிலோவுக்கு 4 கிலோ, சிலருக்கு முட்டை தானாக வரத் தொடங்குகிறது. ஃபோலிக் ஆசிட் முதல் நாளிலிருந்தே வேண்டும். எனக்கு முதல் இடத்தில் மாதம் 900 ரூபாய்க்கு விற்ற சத்து பவுடரில் அதுகூட இல்லை.

முட்டை ஒன்றுக்கு மேல் வந்தால் வீட்டில் "இரட்டையா?" என்று குதூகலிப்பார்கள். குளோமிஃபீனில் கர்ப்பமாகும் நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு இரட்டை. மூன்று நான்கு பைகள் முதிர்ந்துவிட்டால் அந்த மாதம் சேராமல் விடச் சொல்வார்கள். அழுதுகொண்டாவது கேளுங்கள், மூன்று குழந்தைக் கர்ப்பம் தாய்க்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து. வயிறு உப்பி, வாந்தி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் தாங்க முடியாத வலி என்றால் மறுநாள் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். டெஸ்ட் பாசிட்டிவ் வந்த பிறகு ஒரு பக்கம் வலித்தால் குழாயில் கரு தங்கியிருக்கலாம், அன்றே போக வேண்டும்.

எத்தனை மாதம் என்பதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை வந்த சுழற்சிகளாக ஆறு, அதற்கு மேல் அதே மாத்திரையை இழுப்பதில் பலன் குறைவு. அதிக அளவிலும் முட்டையே வரவில்லை என்பது வேறு, முட்டை வந்தும் கரு நிற்கவில்லை என்பது வேறு. முதலாவதற்கு மருந்தை மாற்றுவது, ஊசி, சினைப்பையில் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழி அறுவை சிகிச்சை) என்று போவார்கள். இரண்டாவதற்குக் குழாயையும் விந்தையும் மறுபடி பார்த்து ஐ.யு.ஐ. (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது), ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) பக்கம் திரும்புவார்கள். என் முதல் ஐந்து சுழற்சிகள் இந்த இரண்டில் எதில் சேரும் என்று புது டாக்டர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, ஒரு ஸ்கேன் சீட்டுகூட இல்லை.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். முதல் நாள் தேதி, மருந்தும் அளவும், ஸ்கேன் எண்கள், ஊசி போட்ட நேரம், சேர்ந்த நாட்கள். ஸ்கேன் சீட்டுகளை அதிலேயே பின் அடித்துவிடுவேன், வெயில் படாமல். அந்த வழுவழுப்புத் தாளில் எழுத்து மங்கிவிடுகிறது. ஒரு சுழற்சிக்கு இப்போது நான்கு ஸ்கேன், ஊசி, மருந்து சேர்த்து 4,500 ரூபாய்க்குப் பக்கம் ஆகிறது. 5 மில்லிகிராமில் நான்கு சுழற்சி முடிந்திருக்கிறது, நான்கிலும் முட்டை வந்து வெடித்தது, நான்கிலும் தீட்டு வந்தது. இது ஐந்தாவது. நேற்று 10ஆம் நாள் ஸ்கேன்: எல்.ஓ. 13, ஈ.டி. 6.4. வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும். காலண்டரில் இந்த மாதம் வட்டம் இல்லை. "நீயே நோட்டுல எழுதுறியே" என்று மாமியார் பென்சிலை என் நோட்டுக்குள் வைத்துவிட்டார்.